தேதி தெரியாத காத்திருப்பு: பாடு நீளும்போது ஆண்டவரை நம்புவது எப்படி?

ஒரு வாரக் காய்ச்சலில் ஆண்டவரை நம்புவது வேறு, ஆறு வருடப் படுக்கையில் நம்புவது வேறு. முதலாவதுக்கு யாரும் வழிகாட்டி தேடுவதில்லை. சபை ஜெபிக்கும், நான்கு பேர் போன் செய்வார்கள், காய்ச்சல் இறங்கிவிடும், அடுத்த ஞாயிறு சாட்சி சொல்லிவிடலாம். இரண்டாவது அப்படிப் போகாது. ஆறாவது மாதத்தில் போன் குறையும். ஒரு வருடம் முடிவதற்குள் ஜெபக்குறிப்புப் பட்டியலில் உங்கள் பெயர் கீழே இறங்கியிருக்கும். இரண்டாம் வருடத்தில் யாராவது "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டால், "கர்த்தர் நடத்துறார்" என்று சொல்லிவிட்டு நகரப் பழகியிருப்பீர்கள்.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் விசுவாசத்துக்குள் வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. வலது பக்கம் முழுக்கச் செயலிழந்து, பேச்சும் போய், ஆறு வருடம் படுக்கையில் இருந்தார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியிலும் அலாரம் வைத்து எழ வேண்டும். அந்த வருடங்களில் நான் சரியாகச் செய்ததைவிடத் தப்பாகச் செய்ததுதான் அதிகம். கீழே உள்ளவற்றில் பாதி அப்படிக் கற்றவை. இதே வரிசையில் செய்தாக வேண்டும் என்றில்லை. முதல் படியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

1. நம்பிக்கொண்டிருப்பது ஆண்டவரையா, ஒரு தேதியையா?

இரண்டாம் வருடம் ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் இருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "மூன்று மாதத்துக்குள் உங்கள் அம்மா எழுந்து நடப்பார்கள்" என்றார். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் மூன்று மாதம் எண்ணி, ஒரு தேதியைச் சிவப்பு மையில் வட்டமிட்டேன். அம்மாவுக்குப் புதுச் செருப்புகூட வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். அந்தத் தேதி வந்தது, போனது. அந்த மூன்று மாதத்துக்கு அடுத்து வந்த நான்காவது மாதம் போல மோசமான மாதம் ஆறு வருடத்தில் வேறொன்று இல்லை. அம்மாவின் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குத்தான் வேதத்தைத் திறக்கவே பிடிக்காமல் போயிற்று.

புதிதாக வந்தவர்கள் சீக்கிரமே மனப்பாடம் செய்துவிடுகிற வசனம் எரேமியா 29:11. ஆண்டவர் நம்மேல் வைத்திருப்பவை தீமைக்கு அல்ல, "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்கிறது. அருமையான வசனம்தான். ஆனால் அதற்கு முந்தின வசனத்தை யாரும் சுவரில் மாட்டுவதில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைச் சந்திப்பேன் என்கிறது அது. கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பிடித்துக்கொண்டு போன மக்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதி அனுப்பிய கடிதம் அது. அந்தக் கடிதத்தைக் கேட்ட நடுத்தர வயதுக்காரர்களில் அநேகமாக ஒருவரும் ஊர் திரும்பியிருக்க முடியாது.

அதற்கு முந்தின அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். அனனியா என்கிற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்னாலும் நின்று, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்கிறான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தைக் கழற்றி உடைத்தும் காட்டுகிறான். கூட்டத்துக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எரேமியாவே முதலில் "ஆமென்" என்றுதான் சொல்கிறார், கர்த்தர் அப்படியே செய்யட்டும் என்கிறார். சிலர் அதைக் கிண்டல் என்று வாசிக்கிறார்கள். எனக்கு அது ஆசையாகத்தான் கேட்கிறது. அவருக்கும் இரண்டு வருஷம் என்றால் கசக்கவா செய்யும்? ஆனாலும் கடைசியில் அவர் எழுதி அனுப்பியது எழுபது என்றுதான். கூடவே, வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள் என்று எழுதினார்.

இந்தப் படிக்குச் செய்ய வேண்டியது இரண்டு.

ஒரு தாளை எடுத்து, நீங்கள் எதை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்று உள்ளபடி எழுதுங்கள். "இந்த வருடத்துக்குள் வேலை கிடைத்துவிடும்", "அடுத்த பரிசோதனையில் கட்டி கரைந்திருக்கும்" என்று எதுவானாலும் சரி. அப்புறம் ஒவ்வொன்றையும் பார்த்து, இது ஆண்டவர் வேதத்தில் எல்லாருக்கும் சொன்னதா, நான் விரும்புவதா, யாரோ எனக்குச் சொன்னதா என்று பிரியுங்கள். "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்பது முதல் வகை. கட்டி கரைவது இரண்டாம் வகை. இரண்டாம் வகையை அழித்துவிட வேண்டாம். அதை விண்ணப்பமாகத் தினமும் கேளுங்கள். அதன்மேல் வீடு மட்டும் கட்டாதீர்கள்.

இரண்டாவது, "இது முடிந்ததும் செய்யலாம்" என்று ஒத்திவைத்தவற்றில் ஒன்றை இப்போதே தொடங்குங்கள். அதுதான் உங்கள் தோட்டம். இரண்டு வருடமாக நான் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டிருந்தேன். கேட்டால், தற்காலிகம்தானே என்பேன். அந்த நான்காவது மாதத்துக்குப் பிறகுதான் எனக்கென்று ஒரு கட்டில் வாங்கினேன். கடையில் பணம் கொடுக்கும்போது, இது அவிசுவாசமோ என்று கை கூசியது. அன்று ராத்திரி எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதுகுவலி இல்லாமல் தூங்கினேன்.

2. எல்லாப் பாடும் தாங்கவேண்டிய பாடு இல்லை

"பொறுமையாயிரு, இது உன் சிலுவை" என்று சொல்வது சுலபம். ஆனால் வேதத்தில் உள்ளவர்கள் எல்லாப் பாட்டையும் உட்கார்ந்து தாங்கவில்லை. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது ஓடினான். ஏரோது பிள்ளையைக் கொல்லத் தேடியபோது யோசேப்பும் மரியாளும் ராவோடு ராவாக எகிப்துக்குக் கிளம்பினார்கள். தமஸ்குவில் பவுலை மதிலிலிருந்து கூடையில் வைத்து இறக்கி அனுப்பினார்கள். இவர்களில் யாரையும் வேதம் விசுவாசக் குறைவுள்ளவர் என்று சொல்லவில்லை.

ஆகவே உங்கள் பாட்டைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் என்னால் மாற்றக்கூடியது ஏதாவது இருக்கிறதா? வீட்டில் அடி விழுகிறது என்றால் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும், ஜெபத்தை அங்கே இருந்து செய்யலாம். கடன் என்றால் விவரம் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். நோய் என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான், கர்த்தர் குணமாக்குவேன் என்றார். அதற்குப் பிறகும் ஏசாயா, அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து புண்ணின்மேல் போடச் சொன்னார். பவுலோடு பயணம் செய்த லூக்கா வைத்தியர். மருந்து சாப்பிடுவதால் விசுவாசம் குறைந்துவிடாது.

காணிக்கை போட்டால் பாடு தீரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

3. புலம்பப் பழகுங்கள்

இதுதான் எனக்கு யாரும் சொல்லித் தராத படி. ஜெபம் என்றால் ஸ்தோத்திரத்தில் தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனதில் கோபம் கொதிக்க, வாயில் ஸ்தோத்திரம் வரும். கொஞ்ச நாளில் ஜெபம் செய்வதே நின்றுபோனது. பொய் பேசிக்கொண்டே ஒருவரோடு எத்தனை நாள் பழக முடியும்?

150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அவை வேதத்துக்குள் தவறி வந்துவிடவில்லை, இஸ்ரவேல் மக்கள் ஆராதனையில் பாடியவை. 13-ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்குங்கள், மொத்தம் ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் "எதுவரைக்கும்" என்று சங்கீதக்காரன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர் என்று. அடுத்த இரண்டில், என்னைப் பாரும், பதில் தாரும் என்று கேட்கிறான். கடைசி இரண்டில்தான் "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று வருகிறது. நடுவில் நிலைமை ஒன்றும் மாறிவிடவில்லை. சத்துரு அப்படியே நிற்கிறான்.

இதே வரிசையில் உங்கள் ஜெபத்தை எழுதிப் பாருங்கள். முறையிடுங்கள், கேளுங்கள், கடைசியில் நம்புவதாக ஒரு வரி சொல்லுங்கள். பெரிய வார்த்தைகள் வேண்டாம். என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "ஆண்டவரே, ராத்திரி மூன்றரை மணி. இது இன்றைக்கு ஐந்தாவது தடவை. எனக்குக் கோபமாக வருகிறது, அம்மாமேலும் உம்மேலும். நீர் பார்க்கிறீரா இல்லையா என்று தெரியவில்லை. விடிகிறவரைக்கும் பெலன் தாரும், அதற்குமேல் கேட்கவில்லை. நீர் இருக்கிறீர் என்றுதான் இதை எழுதுகிறேன்." அந்தக் கடைசி வரிதான் அன்றைக்கு என்னிடம் இருந்த மொத்த விசுவாசம்.

சில நாள் அந்தக் கடைசி வரிகூட வராது. அப்போது 88-ஆம் சங்கீதத்தைத் திறந்துகொள்ளுங்கள். அது விடியாமலே முடிகிற சங்கீதம். சிநேகிதரும் அறிமுகமானவர்களும் தூரமாய்ப் போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது, ஆறுதலாக ஒரு வரி கிடையாது. அப்படி ஒரு ஜெபத்தையும் ஆண்டவர் தம் புத்தகத்தில் வைத்துக்கொண்டிருக்கிறார் என்றால், உங்கள் அரைகுறை ஜெபத்தை அவர் தள்ளிவிடப் போவதில்லை.

இங்கே புதியவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வனாந்தரத்தில் முறுமுறுத்ததற்காக இஸ்ரவேலர் தண்டிக்கப்பட்டார்களே, இதுவும் முறுமுறுப்புதானே? எனக்குத் தெரிகிற வித்தியாசம் இதுதான். அவர்கள் தங்கள் கூடாரங்களில் உட்கார்ந்து முறுமுறுத்தார்கள் என்று 106-ஆம் சங்கீதம் சொல்கிறது, அதாவது ஆண்டவரைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். புலம்புகிறவன் அதே குறையை நேராக அவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறான். சிலுவையில் "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்று இயேசு கூப்பிட்டதும் ஒரு புலம்பல் சங்கீதத்தின் முதல் வரியைத்தான். கைவிட்டீர் என்கிற கூப்பாட்டிலும் "என் தேவனே" இருக்கிறது, கவனித்தீர்களா?

4. ஒரு நாளின் அளவு

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு ஆண்டவர் கொடுத்த சாப்பாடான மன்னாவின் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். இல்லையென்றால் யாத்திராகமம் 16 படியுங்கள். தலைக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்குச் சேர்க்க வேண்டும். சிலர் பயந்துபோய் அடுத்த நாளுக்கும் எடுத்து வைத்தார்கள், அது பூச்சிபிடித்து நாற்றமெடுத்தது. அந்தச் சாப்பாடு நாற்பது வருடம் ஓடியது, ஆனால் ஓய்வுநாளுக்கு முந்தின நாளைத் தவிர ஒருநாளும் இரண்டு நாளுக்கு வந்ததில்லை.

நீண்ட பாட்டில் நம்மை நசுக்குவது பெரும்பாலும் இன்றைய வேலை இல்லை. இன்னும் ஐந்து வருடம் இப்படியே போனால் என்ன செய்வேன் என்கிற கணக்குதான். அந்த ஐந்து வருடத்துக்கான பெலன் இன்றைக்கு உங்கள் கையில் இருக்காது. இல்லையே என்று தேடிப் பார்த்துத்தான் பயப்படுகிறோம். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்று இயேசு சொன்னார். பாடே இருக்காது என்று அவர் சொல்லவில்லை பாருங்கள்.

செய்முறையாகச் சொன்னால், ஜெபத்தைச் சின்னதாக்குங்கள். அரை மணி நேரம் முழங்காலில் நிற்க முடிகிறவர்கள் நிற்கட்டும். முடியாதவர்கள், ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு ஒரு வரி ஜெபத்தை முடிச்சுப் போடுங்கள். அம்மாவை இடது பக்கம் புரட்டும்போது "கர்த்தாவே, இரக்கமாயிரும்" என்பேன். வலது பக்கம் புரட்டும்போது "இம்மட்டும் உதவி செய்தீர்" என்பேன். இரண்டாவது வரி சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, எபெனேசர் என்று பேர் வைத்துச் சொன்னது. இப்படி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஜெபம் ஆகிவிடும். அதில் ஒன்பதில் மனம் வேறெங்கோ இருந்திருக்கும். பரவாயில்லை.

உணர்வைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் ஜெபிக்கும்போதெல்லாம் கண்ணீர் வரும், நெஞ்சு லேசாகும். பாடு நீளும்போது அது வற்றிப்போவது சகஜம். ஆண்டவர் போய்விட்டார் என்று அதற்கு அர்த்தமில்லை. அன்னை தெரசா 1997-இல் இறந்தார். பத்து வருடம் கழித்து அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் வெளியானபோதுதான், பல பத்தாண்டுகளாகக் கடவுளின் பிரசன்னத்தை உணராமலே அவர் ஜெபித்தும் உழைத்தும் வந்திருக்கிறார் என்பது பரவலாகத் தெரிந்தது. அவருக்கே அப்படியென்றால் நமக்கு வறண்ட மாதங்கள் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

5. உடம்பை மறக்காதீர்கள்

எலியா கர்மேல் பர்வதத்தில் அவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்த கையோடு, சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றான். தேவதூதன் வந்து அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துச் சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்கினான். தூதன் இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஆண்டவர் பேசியது அதற்கெல்லாம் அப்புறம், நாற்பது நாள் நடந்த பிறகு.

தூக்கமில்லாத ராத்திரியில் விசுவாசத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள். சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு யோசியுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், தனியாக ஜெபித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அன்றைக்கே நெருங்கிய ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எலியாவும் அந்த இடத்துக்குப் போய்த்தான் வந்தான்.

6. யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது?

பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் ஆரம்பத்தில் நல்ல காரியம்தான் செய்தார்கள். ஏழு நாள், இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. அவர்கள் சொன்னதில் பாதியைத் தனியாக எடுத்துப் படித்தால் நல்ல பிரசங்கம் போலத்தான் இருக்கும். பாவம் செய்யாதவனுக்கு இப்படி வருமா, மனந்திரும்பு, எல்லாம் சரியாகும் என்பதுதான் அவர்கள் வாதம். கடைசி அதிகாரத்தில் கர்த்தர் கோபப்படுவது அவர்கள்மேல். கேள்வி கேட்டுக் கத்திய யோபுதான் நிதானமாய்ப் பேசினான் என்கிறார்.

"வீட்டில் ஏதாவது மறைந்த பாவம் இருக்கா பாருங்க" என்று என்னிடமும் ஒருவர் சொன்னார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஒரு மாதம் நான் அம்மாவின் பழைய வாழ்க்கையைத் தோண்டிக்கொண்டிருந்தேன். பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவன் பெற்றோரா என்று சீஷர்கள் கேட்டபோது, இரண்டு பேரும் இல்லை என்று இயேசு சொன்னதை (யோவான் 9) எனக்கு யாராவது அன்றைக்கே காட்டியிருக்கலாம்.

உங்களுக்குத் தேவை இரண்டு பேர். நீங்கள் என்ன சொன்னாலும் முகம் சுளிக்காமல் கேட்கிற ஒருவர், கையால் உதவுகிற ஒருவர். இரண்டும் ஒரே ஆளிடம் கிடைப்பது அபூர்வம். சபையில் "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று சொல்பவரிடம், பொத்தாம் பொதுவாக நன்றி சொல்லி விட்டுவிடாதீர்கள். நாளையும் நேரத்தையும் சொல்லிக் கேளுங்கள். எங்கள் சபையில் ஒரு அக்காவிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். வாரா வாரம் செவ்வாய் நான்கு மணிக்கு வந்து ஆறு மணி வரை அம்மாவோடு இருந்தார். நான் வெளியே போய் நடந்துவிட்டு வருவேன். அவர் எனக்கு ஒரு வசனமும் சொன்னதில்லை. நான்கு வருடம் செவ்வாய்க்கிழமைகளை நம்பித்தான் மற்ற ஆறு நாட்களையும் ஓட்டினேன். ஆண்டவர்மேல் நம்பிக்கை வைப்பது என்பது சில சமயம் இப்படி ஒரு ஆளிடம் வாய்திறந்து கேட்பதில் தொடங்குகிறது.

கெத்செமனேயில் இயேசுவே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், என்னோடே விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். உங்கள் ஆட்களும் சில நாள் தூங்கிவிடுவார்கள். அதற்காகக் கேட்பதை நிறுத்த வேண்டாம்.

7. ஒரு நோட்டு வையுங்கள்

சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். தினமும் எழுத வேண்டாம், வாரம் ஒருமுறை தேதி போட்டு இரண்டு வரி எழுதுங்கள். என்ன கேட்டேன், என்ன நடந்தது, அவ்வளவுதான். நன்றிப் பட்டியல் போட்டே ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால், முடிகிற வாரம் போடுங்கள். முடியாத வாரம் "ஒன்றும் இல்லை" என்று எழுதுங்கள், அதுவும் உண்மைதானே.

ஞாபகம் என்பது நம்ப முடியாத ஆள், அதனால்தான் இந்த நோட்டு. களைப்பில் இருக்கும்போது, ஆண்டவர் ஒருநாளும் எதுவுமே செய்யவில்லை என்று அது சத்தியம் செய்யும். இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்த பிறகு ஆண்டவர் பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டச் சொன்னது இதற்காகத்தான், பிற்பாடு பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு. மூன்றாம் வருடம் ஒருநாள் என் நோட்டைப் புரட்டியபோது, முதல் வருடத்தில் பதினேழு தடவை "இந்த வாரம் தாங்க மாட்டேன்" என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பதினேழு வாரமும் போயிருந்தது.

8. "இல்லை" என்பதே பதிலாக இருந்தால்?

இதைச் சொல்லாமல் வழிகாட்டி எழுதுவது நேர்மை ஆகாது. பதினேழு வயதில் விற்கப்பட்ட யோசேப்பு முப்பதாவது வயதில் பார்வோன் முன் நின்றான். பதின்மூன்று வருடம், ஆனால் முடிவு தெரிகிறது. ஆபிரகாம் எழுபத்தைந்து வயதில் கிளம்பி நூறாவது வயதில் ஈசாக்கைப் பார்த்தான். பிரசங்கங்களில் இவர்களைத்தான் அதிகம் கேட்போம். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் கேட்டான். கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப்போதும்" என்பது. முள் போகவில்லை. அந்த முள் என்ன என்று அவன் எழுதவும் இல்லை. நம்மில் யார் வேண்டுமானாலும் தன் முள்ளை அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளலாம் என்பதால் அது எனக்கு நல்லதாகவே படுகிறது. இதே பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவிட்டு வந்தேன் என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறான். அப்போஸ்தலன் கூடவே இருந்தும் அந்த மனிதர் குணமாகவில்லை.

எபிரெயர் 11-இல் விசுவாச வீரர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் நடுவில் ஒரு வசனம், இவர்களெல்லாரும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டவைகளை அடையாமல், தூரத்திலே கண்டு, விசுவாசத்தோடே மரித்தார்கள் என்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கை இந்த உயிரோடு கணக்கை முடித்துவிடுவதில்லை. உயிர்த்தெழுதல் இல்லையென்றால் நம் விசுவாசம் வீண் என்று பவுலே சொல்லிவிட்டான். இதைச் சாவு வீட்டு ஆறுதலாக மட்டும் வைத்திருக்காதீர்கள். கேட்டது கிடைக்காத நாளில் காலை ஊன்ற வேறு தரை நமக்கு இல்லை.

கேட்கும்போது, தானியேல் புத்தகத்தில் ராஜாவின் சிலையை வணங்க மறுத்த மூன்று பேர் அக்கினிச் சூளைக்கு முன்னால் அவனிடம் சொன்ன மாதிரி கேளுங்கள். எங்கள் தேவன் தப்புவிக்க வல்லவர், விடுவிக்காமற்போனாலும் உம் சிலையை வணங்க மாட்டோம் என்றார்கள். "விடுவிக்காமற்போனாலும்" என்பதைச் சொல்ல எனக்கு நான்கு வருடம் ஆயிற்று. உங்களுக்கு இன்றைக்கே வரவில்லையென்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். பிள்ளைக்காக வந்த தகப்பன் ஒருவன் இயேசுவிடம், விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவிசெய்யும் என்றான். பாதி நம்பிக்கையோடு கேட்ட அவனுக்கும் அவர் பதில் கொடுத்தார்.

அம்மா ஆறாவது வருடக் கடைசியில், ஒரு மத்தியானத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார். செருப்பு கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

9. நீங்கள் இன்னொருவரிடம் போகும்போது

பாட்டுக்குள் இருக்கும்போதே சிலருக்கு இதற்கான அழைப்பு வந்துவிடும். அவசரப்பட வேண்டாம், உங்களிடம் கொடுக்க மிச்சம் இருந்தால் மட்டும் போங்கள். போனால், உங்கள் கதையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வசனம் ஒன்று கைவசம் இருக்கட்டும், கேட்டால் கொடுக்கலாம். அதற்கு முன்னால் கழுவ வேண்டிய பாத்திரம் இருக்கிறதா பாருங்கள்.

அம்மா போய் ஒரு வருடம் கழித்து, சபையில் ஒருவருடைய கணவர் விபத்தில் அடிபட்டுப் படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். 13-ஆம் சங்கீதத்தை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருந்தேன். அவர் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவருடைய கணவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது ஒரு பக்கம் பிடித்தேன். முட்டிக்கு நடுவில் தலையணை வைத்தால் எலும்பு உரசிப் புண்ணாகாது என்று மட்டும் காட்டினேன். சீட்டை வெளியே எடுக்கவே இல்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்தவர் கேட்டது ஒன்றுதான்:

"அடுத்த செவ்வாய் வருவீங்களா?"